விறகு ஓடம் வெறுமனே போகாது

உலை வைத்தாகிவிட்டது, அடியில் எரிக்கத்தான் ஒன்றுமில்லை. குப்பம்மாள் ஊதிய ஊதலில் சாம்பல் பறந்து புருஷன் முனியனின் மீசை நரைத்ததுதான் மிச்சம்.

"இன்னாய்யா பாத்துக்கினு நிக்கிற? இத்தினி பேர் சோத்துக்கு உன் மீசையவா எரிக்கறது?"

பழவேற்காட்டு ஏரிக்கு நடுவே, மரமே இல்லாத மணல்திட்டில் அவர்கள் குப்பம். ஆரம்பாக்கத்துத் தெய்வநாயகிதான் ஓடத்தில் விறகு கொண்டுவருவாள். பதிலுக்கு, அவித்துக் காயவைத்த இறாலை ஏற்றிப்போய் டச்சுக்காரர் கோட்டைத் துறையில் இறக்குவாள். விறகு ஓடம் வெறுமனே திரும்பினால் குப்பத்துக்கு ஆகாது என்பார்கள். ஒன்றுமில்லாத வீடும் ஒரு பிடி கருவாடாவது போட்டு அனுப்பும்.

"நைனா, இந்த வூட்ல வாய் ஜாஸ்தி," என்றான் மூத்த மகன் சுப்பன். அவன் மனைவி அம்மணி ஏழு மாதக் கர்ப்பிணி. "கோட்டைத் துறையில டச்சுக்காரன் கப்பலுக்கு ஆள் எடுக்கறாங்களாம். நானும் இவளும் போயிடறோம்."

அந்தக் கப்பலில் போனவர் யாரும் திரும்பியதில்லை. முனியன் மகனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"ஒருத்தரும் போவத் தேவல. ஒரு வாய்க்கு ரெண்டு கை கீதுடா. சேத்துல தடவி இறால் புடிக்கறவனுக்கு ஆள் கூடினா லாபம்தான்."

உடனே மகள்களையும் மாப்பிள்ளைகளையும் வரவழைத்தான். இறால் குவிந்தது. அதை அவிக்க விறகு போதவில்லை. விறகுக்காக இன்னும் இறால், அந்த இறாலுக்காக இன்னும் விறகு. மாப்பிள்ளைகளுக்கோ சேற்றில் இறங்கினால் பசி, கரையேறினால் அதைவிடப் பசி.

"கை பொழுது சாஞ்சா தூங்கிடுது. வாய்தான் தூங்க மாட்டேங்குது," என்றாள் குப்பம்மாள்.

விறகைச் சிக்கனம் பண்ண, முனியன் இறாலை அரைவேக்காட்டில் இறக்கினான். அத்தனையும் நாறியது. பூனை மோந்து பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கிப்போனது.

சிரிக்காதீர்கள், கண்ணுகளா. பிள்ளையைப் பிரியக்கூடாதென்றுதான் அவன் அத்தனையும் செய்தான்.

மறுநாள் விறகு ஓடம் வரும் நேரத்துக்குத் தெய்வநாயகி முகத்தில் விழிக்க வெட்கி, ஏரியின் மறுகோடிக்கு இறால் தடவப் போய்விட்டான். பொழுது சாய்ந்து திரும்பினால், வாசலில் விறகு அடுக்கியிருந்தது. சுப்பன் அம்மணியைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டில் விடக் கூட்டிப் போயிருப்பதாகக் குப்பம்மாள் சொன்னாள். எல்லோரும் உண்ட பிறகும் பானையில் சோறு இருந்தது. முனியன் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டான்.

"பாத்தியா, சரிக்கட்டிட்டேன். எம்புள்ள இனிமே கப்பல் பேச்செடுக்க மாட்டான்."

அடுத்த நடை தெய்வநாயகி வந்தபோது, முனியனே நல்ல இறாலாகக் கூடை நிறையத் தூக்கிப்போனான்.

"கோச்சுக்காத தெய்வநாயகி. அன்னிக்கு உன் ஓடத்த வெறுமனே அனுப்பிட்டேன். மனசே கேக்கல."

அவள் விறகை இறக்கிக்கொண்டே சொன்னாள்:

"வெறுமனே எங்கண்ணே போச்சு? சுப்பனும் அம்மணியும் ஏறிக்கினாங்களே. கப்பலாண்டதான் எறக்கிவுட்டேன்."