கியா பார்ம் வழியாக வெனிஸ்

உலகத்தில் ஊர் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், வீட்டிலேயே இருக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பாலும் யாருக்கும் தொல்லையில்லை. இவை இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு: ஊருக்குப் போகத் திட்டம் போடுகிறவர்கள். இவர்களுடைய பாஸ்போர்ட் காலாவதியாகும், புதுப்பிப்பார்கள், மறுபடி காலாவதியாகும்; அதில் ஒரு முத்திரைகூட விழுந்திருக்காது. ஆனால் வெனிஸில் எந்தச் சந்தில் திரும்பினால் சுத்தமான கழிவறை இருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

நம்ப மாட்டீர்களா? கேமரன் மலைக்கு வாருங்கள், தானா ராத்தாவில் ஞானசுந்தரத்தைக் காட்டுகிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். எந்த லோரி எந்த நேரத்தில் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று காலமெல்லாம் அட்டவணை போட்டவர். லோரிகள் போயின, வந்தன. இவர் போகவில்லை.

அவர் மனைவி மேவிஸ், கிளினிக்கில் நர்ஸாக, ஊர் வழக்கில் மிஸ்ஸியாக, வேலை பார்த்தவர். தோட்டத்து லயன் வீடு லயன் வீடாக மேடு ஏறி இறங்கி, ஊசி போட்டுப் பிரசவம் பார்த்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டவர். அவருக்கு ஒரே ஓர் ஆசை. கால் நடக்கிற காலத்திலேயே ரோமுக்குப் போய், ராயப்பர் பேராலயத்துச் சதுக்கத்தில் நின்று ஓர் ஈஸ்டர் பூசை காண வேண்டும். இதை ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் வாய்விட்டுச் சொன்னார். வேறு கணவனாக இருந்தால் டிக்கெட் வாங்கியிருப்பான். ஞானசுந்தரம் மடிக்கணினி வாங்கினார்.

அன்று தொடங்கியது. ரோமுக்குப் போகிறவர்கள் ப்ளோரன்ஸைப் பார்க்காமல் திரும்பலாமா? ப்ளோரன்ஸ் வரை போய்விட்டு, பக்கத்தில் இருக்கும் சியன்னாவை விட்டுவந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? பிறகு பீசா, பிறகு வெனிஸ், வெனிஸுக்குப் போகிற வழியில் வெரோனா என்று, ஒரு பூசைக்காகப் புறப்பட்ட பயணம் ஒரு படையெடுப்பாக வளர்ந்தது. அத்தனையும் ஒரே வாரத்தில். ரோமிலிருந்து ப்ளோரன்ஸ் போகும் ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் மலை நன்றாகத் தெரியும் என்பதுகூட அவருக்கு அத்துப்படி. கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

"அங்க வசந்த காலத்துல குளிரு எப்படிங்க இருக்கும்?" என்று மேவிஸ் ஒருமுறை கேட்டுவிட்டார்.

"நம்ம பிரிஞ்சாங் மாதிரிதான். ஆனா அது வேற குளிரு லா."

வேறு குளிர் எப்படி வேறு என்பதை அவர் விளக்கி முடித்தபோது சோறு ஆறிப்போயிருந்தது.

ஒவ்வொரு வசந்தமும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை இருந்தது. ஒரு வருடம் டிக்கெட் விலை இன்னும் இறங்கும் என்றார். அடுத்த வருடம் அங்கே ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யப்போவதாகப் படித்தார். அதற்கடுத்த வருடம் ரோமில் கூட்டம் அதிகம் என்றார். ஈஸ்டருக்கு ரோமில் கூட்டம் இல்லாமல் வேறென்ன இருக்கும்? "அவசரப்படாத மேவிஸ், போறதுன்னா ஒழுங்கா போவணும்" என்பது அவருடைய மந்திரம். முட்டி மட்டும் அவசரப்பட்டுக்கொண்டே இருந்தது.

இந்த இனத்துக்கு இன்னொரு குணம் உண்டு. உண்மையிலேயே போய் வந்தவர்களைக் கண்டால் ஆகாது. கம்போங் ராஜாவில் பூ வியாபாரம் செய்யும் ராமையா, மகளோடு இத்தாலி போய் வந்த சந்தோஷத்தில் ஒரு பெட்டி சாக்லேட்டோடு வீட்டுக்கு வந்தார். பாவம், வந்திருக்கக் கூடாது.

"ரோம்ல எங்க தங்குனீங்க?"

"ரயில் ஸ்டேஷனு பக்கத்துலங்க."

"அடடா. அங்க போய் யாராவது தங்குவாங்களா? சரி, சியன்னா பாத்தீங்களா?"

"அது... இல்லீங்களே."

"சியன்னா போவலியா? அப்புறம் எதுக்குங்க போனீங்க?"

ராமையா வந்தபோது இத்தாலி பார்த்த மனிதராக இருந்தார். தேநீர் குடித்து முடிப்பதற்குள் இத்தாலியைக் கோட்டைவிட்ட மனிதராகிவிட்டார். மறுநாள் அவர் மகளைத் திட்டினாராம்.

சென்ற ஆண்டு ஞானசுந்தரத்தின் திட்டம் முழுமை பெற்றது. அதாவது, ஒத்திகை பார்க்கும் கட்டத்தை அடைந்தது. சிரிக்காதீர்கள். ஈப்போவில் வேலை செய்யும் மகன் டெஸ்மண்ட் லீவுக்கு வந்திருந்த சமயம் பார்த்து, தெற்கே உள்ள ரிங்லெட் ரோம் என்றும், நடுவில் உள்ள தானா ராத்தா ப்ளோரன்ஸ் என்றும், வடக்கே உள்ள கியா பார்ம் வெனிஸ் என்றும் அறிவித்தார். டெஸ்மண்டின் காடிதான் ரயில்; காடி என்றால் எங்கள் ஊரில் கார். வழியில் நாசி லெமாக் பொட்டலம் வாங்க ரயில் நிற்காது. கல் பாவிய தெருவில் பெட்டிச் சக்கரம் தாங்குமா என்று பார்க்க வேண்டுமாம். ஆகவே துணி அடைத்த பெட்டியோடுதான் நடக்க வேண்டும்.

"தண்ணி இருக்கிற ஊரு ரிங்லெட்டுதானங்க? ஏரியே அங்கதான இருக்கு. அத வெனிஸுன்னு வெச்சுக்கலாமே?" என்றார் மேவிஸ்.

"திசை மாறிப்போவும்" என்றார் ஞானசுந்தரம், கடுமையாக.

ரிங்லெட் கடைத்தெருவில் மேவிஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார். காய்கறிக் கடை இருளப்பன் எட்டிப் பார்த்தார்.

"என்னா மிஸ்ஸி, பெட்டியெல்லாம் இழுத்துக்கிட்டு? தாப்பா பஸ்ஸுக்கா?"

"இல்லண்ணே. வெனிஸுக்கு."

"அது எந்தப் பக்கம்?"

"கியா பார்ம் பக்கம்னு சொல்றாரு."

"இன்னிக்கா? ஸ்கூல் லீவு, சனிக்கெழம வேற! மேல ஒரே ஜேம். பிரிஞ்சாங்கையே தாண்ட மாட்டீங்க மிஸ்ஸி."

இந்த மலையில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், பள்ளி விடுமுறைச் சனிக்கிழமையில் கியா பார்ம் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று. ஞானசுந்தரத்துக்குத் தெரியாதா? தெரியும். வெனிஸின் நெரிசலைப் பற்றி அவ்வளவு படித்திருந்ததால், தன் ஊர் நெரிசலைத் துச்சமாக நினைத்துவிட்டார்.

கியா பார்முக்குச் சற்று முன்னால் ரயில் நின்றது. நின்றது நின்றதுதான். முன்னால் கோலாலம்பூர் காடிகள், பின்னால் சிங்கப்பூர் காடிகள், நடுவில் நம் குடும்பம். மடக்கி வைத்த முட்டி விறைத்துப்போய், மேவிஸ் கதவைத் திறந்து இறங்கினார். சாலையோரக் கடையில் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டு உட்கார்ந்து, அவித்த சோளத்தைக் கடித்தார். அப்போதுதான் அவருடைய தங்கை கரேன் ஈப்போவிலிருந்து போன் செய்தாள். அவர்கள் மாதா கோவில் குழு ஈஸ்டருக்கு ரோம் போகிறது. ரோம் மட்டும்தான். ரெண்டு இடம் காலியாக இருக்கிறது, நாளைக்குள் சொல்ல வேண்டும்.

மேவிஸின் முகம் மலர்ந்ததை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா? காடிக்கு நொண்டி நடந்து வந்து சொன்னார். ஞானசுந்தரம் ஜன்னல் வழியாக விசாரணை நடத்தினார்.

"எந்த ஏர்லைன்? ட்ரான்சிட் எவ்வளவு நேரம்? ஓட்டல் எங்க?"

"அதெல்லாம் கேக்கலங்க."

"ப்ளோரன்ஸே இல்லாம ஒரு இத்தாலியா? மேவிஸ், அது பயணமில்ல, கும்பலா போயி கும்பலா வர்றது. ரெண்டு சீட்டும் வேணாம்னு சொல்லு. அடுத்த வசந்தத்துல நாம ஒழுங்கா போவோம்."

மேவிஸ் போனைக் காதுக்குக் கொண்டுபோனார்.

"கரேன், ஒரு சீட்டு போதும்" என்றார்.

டெஸ்மண்ட் ஸ்டீரிங்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான். ஞானசுந்தரம் முன்னால் நின்ற காடியை முறைத்தார்.

மேவிஸ் போனார். ட்ரான்சிட்டில் காத்திருந்தார். ரயில் ஸ்டேஷன் பக்கத்திலேயே தங்கினார். பூசையன்று நிற்க முடியாமல், யாரோ தந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கரேனின் தோளைப் பிடித்து எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். கரேன் எடுத்த படம் ஞானசுந்தரத்துக்கு வந்து சேர்ந்தது. சதுக்கம் சாய்ந்திருக்கிறது, மூலையில் கரேனின் விரல் தெரிகிறது. நடுவில் மேவிஸ், கண்ணில் நீரோடு, கல்யாணப் படத்தில்கூட அப்படிச் சிரித்ததில்லை.

ஞானசுந்தரம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பதில் அனுப்பினார்: "பின்னால வெளிச்சம். இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் நின்னுருக்கணும்."

இப்போதும் திட்டம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ரோம் மேவிஸ் பார்த்த ஊர் என்பதால் நீக்கப்பட்டு, அந்த இடத்தில் பொலோன்யா சேர்க்கப்பட்டுள்ளது. அவரோடு யார் போகிறார் என்று நான் கேட்கவில்லை. மேவிஸ் முட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு படுத்திருக்கிறார். அவர் கட்டில் பக்கத்தில் அந்தச் சாய்ந்த படம்தான் இருக்கிறது.

நல்லவேளை, நீங்கள் இந்த இனமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். ப்ளோரன்ஸ் ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் மலை தெரியும் என்று நான் சொல்லாமலே விட்டுவிட்டேனே, அது இடப்பக்கமா வலப்பக்கமா என்று உங்கள் மனத்தின் ஒரு மூலை இதுவரை காத்திருக்கவில்லையா? தேடிப் பார்க்கப் போனைக் கையில் எடுத்துவிட்டீர்களா? சற்றுக் கீழே வையுங்கள். வீட்டுக்குள் போய், உங்களை நம்பிப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறவர் மாடிப்படியில் எப்படி இறங்குகிறார் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.