சாக மறுத்த ராஜா

கதவில் கை வைத்த ராஜா அப்படியே நின்றுவிட்டார்.

ஏதென்ஸ் நகரமே மலைச்சரிவில் உட்கார்ந்து, வெங்காயம் கடித்தபடி அவருடைய சாவுக்காகக் காத்திருந்தது. "உள்ளே உன் தம்பி வாளோடு இருக்கிறான், போகாதே" என்று ராணி காலைப் பிடித்துக் கதறியாயிற்று. அதை மதிக்காமல் ராஜா அரண்மனைக்குள் போக வேண்டும். போய் அலற வேண்டும். கிரேக்க நாடகத்தில் சாவை மேடையில் காட்டும் வழக்கமில்லை. தூதன் வந்து சொல்லுவான்.

ராஜா திரும்பினார். "யோசிச்சுப் பார்த்தேன். பொண்டாட்டி சொன்னா காரணம் இருக்கும். நான் போகல."

மேடையின் பக்கவாட்டு வழியில் நின்ற நாடகாசிரியர் லியாக்ரோஸ் தலையில் அடித்துக்கொண்டார். போன இரண்டு திருவிழா நாடகப் போட்டியிலும் அவருக்குக் கடைசி இடம். இந்தத் தடவையும் கடைசி என்றால் ஜென்மத்துக்கும் நாடகம் போட அனுமதி இல்லை என்று விழா அதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார்.

"இந்தத் திமாந்த்ரோஸுக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று பல்லைக் கடித்தார். திமாந்த்ரோஸ்தான் ராஜா வேஷம்.

ராணி முகமூடியைக் கழற்றியபடி மிக்கோன் ஓடி வந்தான். மற்ற வேஷமெல்லாம் அவன்தான்.

"ஜோசியர் முகமூடிய மாட்டு. போனா ஆபத்தே இல்லன்னு சொல்லு" என்றார் லியாக்ரோஸ்.

"ஜோசியர் போகாதேன்னுதானேண்ணே சொல்லணும்?"

"இப்பப் போன்னு சொல்லுடா."

ஜோசியர் போய்ச் சொன்னார். ராஜா மறுபடி கதவருகே போனார். தோளைச் சாய்த்து முக்கினார், முனகினார், ஒரு உதையும் விட்டார். பிறகு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார்.

"ஓவரா நடிக்கிறான் பாரு, கடங்காரன்" என்றார் லியாக்ரோஸ்.

"ஜோசியரே, ஆபத்தே இல்லாத எடத்துல ஒரு வீரனுக்கு என்ன வேலை?" என்றார் ராஜா.

கூட்டத்தில் யாரோ ஒருவன் சிரித்தான். சோக நாடகத்தில் சிரிப்பு கேட்டால் எழுதியவனுக்கு எப்படி இருக்கும்? லியாக்ரோஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தூதன் முகமூடிய எடு. ராஜா செத்துட்டார்னு அறிவிச்சுடு."

"அவர் அங்க நிக்கிறாரேண்ணே."

"நின்னா நிக்கட்டும். போடா."

தூதன் புழுதியில் விழுந்து கதறினான். "ராஜா செத்துட்டார், ஐயோ, செத்துட்டார்."

"எப்ப?" என்றார் ராஜா.

"இப்பதான்."

"ரொம்ப வலிச்சுதா?"

ஆறு மாதம் ஒத்திகை பார்த்த, மேடைக்கு முன்னால் கூட்டமாகப் பாடும் பதினைந்து கிழவர் வேஷக்காரர்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். ராஜாவும் வேறு வழியில்லாமல் ஒரு கிழவரைக் கட்டிக்கொண்டு தன் சாவுக்குத் தானே அழுதார். மலைச்சரிவே உருண்டு உருண்டு சிரித்தது.

கடைசி இடம்தான். சந்தேகமே இல்லாமல்.

கூட்டம் கலைந்ததும் லியாக்ரோஸ் மேடையில் பாய்ந்தார். திமாந்த்ரோஸ் முகமூடியைக் கழற்றினார். "லியாக்ரோஸ், நான் சொல்றத ஒரு நிமிஷம்..."

"நீ வாயத் தொறக்காத. உன் பேச்சு எனக்கு வேண்டாம்."

லியாக்ரோஸ் பலிபீடத்தில் கை வைப்பதைப் பார்த்து விழா அதிகாரி பதறினார். "கோவத்துல சத்தியம் பண்ணாதப்பா. சாமி காரியம், அப்புறம் மாத்த முடியாது."

"பண்ணுவேன். சாமி கேக்கட்டும், ஊரும் கேக்கட்டும். இன்னிக்கு ராஜா சாகாம போனதுக்கு எவன் காரணமோ, அவன் சாகற வரைக்கும் இந்த அரங்கத்துல கால் வைக்கக் கூடாது. அவன் எழுத்தோ நடிப்போ இங்க ஏறக் கூடாது."

"சரி, சாமி சாட்சியா ஏத்துக்கிட்டோம்" என்றார் அதிகாரி, பெருமூச்சோடு.

மேடையைப் பெருக்கிக்கொண்டிருந்த வேலைக்காரன் மானஸ் துடைப்பத்தை நிறுத்திவிட்டு லியாக்ரோஸைப் பார்த்தான்.

"ஐயா, காலையில அரண்மனைக் கதவ உள்பக்கமா தாழ் போட்டுட்டு, பின்வாசல் வழியா வெளிய போனது நீங்கதானே?"