அஜின்கோர்ட்டுக்கு வந்த சோனார்காவ்

ஒரு நாட்டின் பழம்பெரும் தலைநகரத்தை அது இருந்த இடத்திலிருந்து கிளப்பி, கடல் தாண்டிக் கொண்டுவந்து, நாங்கள் குடியேறிய வேறொரு நாட்டில் நட்டு வைத்த பெருமை உலக வரலாற்றிலேயே எங்கள் அஜின்கோர்ட் தமிழர் நலன்புரி ஒன்றியத்துக்கு மட்டும்தான் உண்டு. 1995 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, வங்காளத்தின் புராதன தலைநகரமான சோனார்காவை ஒரு சனசமூக நிலையத்தின் மண்டபத்தில் நாங்கள் நிறுவினோம். சுல்தான்கள் கட்ட எத்தனை தலைமுறை எடுத்ததோ தெரியாது. நாங்கள் மூன்று பின்னேரங்களில் முடித்தோம். அவர்களுக்குச் செங்கல் இருந்தது. எங்களுக்குப் பிரிட்ஜ் வந்த மட்டைப் பெட்டிகளும் தலைவர் அமிர்தநாதரும் இருந்தார்கள்.

ஒன்றியத்தின் செயலாளரும், அன்றைய சுற்றுலாவின் 'தலைமை வழிகாட்டி'யும் என்ற முறையில் இதைப் பதிவு செய்வது என் கடமை.

மாநகரத்தில் பண்பாட்டு நல்லுறவு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. அதன் அதிகாரி மிசிஸ் பாட்டர்சன் அந்த வருடம் 'பாரம்பரிய வாரம்' அறிவித்திருந்தார். ஒவ்வொரு சமூகமும் தன் பழைய தலைநகரத்தை மண்டபத்தில் அமைத்து, வருகிறவர்களை ஒரு நாள் வழிகாட்டிச் சுற்றிக் காட்ட வேண்டும். நன்றாகச் செய்தால் அடுத்த வருடம் முழுக்கச் சனிக்கிழமைகளில் மண்டபம் இலவசம். எங்களுக்கு மண்டபம் உயிர்த்தேவையாக இருந்தது. குணவதி ரீச்சர் நடத்திய தமிழ் வகுப்பு அப்போது ஓர் அப்பார்ட்மென்ற் கட்டிடத்தின் லோன்றி அறையில் நடந்துகொண்டிருந்தது. உடுப்புக் காயவைக்கும் மெசின் நிற்கும் இடைவெளிகளில் பிள்ளைகள் 'அ' சொன்னார்கள். 'ஆ' சொல்வதற்குள் யாராவது அடுத்த காசைப் போட்டுவிடுவார்கள்.

ஆகவே நாங்கள் யாழ்ப்பாண அரசர்களின் தலைநகரமான நல்லூரைக் கேட்டு விண்ணப்பித்தோம். ஒக்டோபரில் மிசிஸ் பாட்டர்சனே தொலைபேசியில் வந்தார்.

"வாழ்த்துகள். உங்களுக்குச் சோனார்காவ் ஒதுக்கப்பட்டிருக்கிறது" என்றார்.

"அது வங்காளத்தில் இருக்கிறது, மேடம்."

"ஆம். உங்கள் நாடு."

"எங்கள் நாடு இலங்கை, மேடம்."

அவருடைய குரலில் கனிவு கூடியது. "உங்கள் ஆட்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எப்போதும் புலி, புலி என்றே வருகிறது. நான் கலைக்களஞ்சியத்தில் புலியைத் தேடினேன். வங்காளம் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. இந்த நாட்டில் நீங்கள் எதையும் மறைக்கத் தேவையில்லை."

ஓர் அதிகாரி தானாகவே புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது. நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று பின்னேரமே அவசரக் கூட்டம். குணவதி ரீச்சர்தான் முதலில் வாய் திறந்தார்.

"அண்ணை, உது பிழை எண்டு எடுத்துச் சொல்லுறதுதானே?"

"சொல்லலாம், ரீச்சர்" என்றார் அமிர்தநாதர். அவர் ஊரில் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் தலைமை எழுதுவினைஞராக இருந்தவர். அவசரப்பட்டு உண்மை சொல்லிப் பழக்கமில்லாதவர். "சொன்னால் மண்டபம் போயிடும். நீங்கள் பிள்ளையளைத் திரும்ப உடுப்பு மெசினுக்கு நடுவில வைச்சுப் படிப்பிக்க வேணும். அதுக்கு ஓம் எண்டால் நான் இப்பவே போன் அடிக்கிறன்."

ரீச்சர் பைக்குள் கொப்பிகளை அடுக்கினார். தலைவர் விடவில்லை.

"அதோட யோசிச்சுப் பாருங்கோ. சோனா எண்டால் பொன். காவ் எண்டால் ஊர். பொன்னூர். தமிழன் வைக்காமல் உந்தப் பேரை ஆர் வைச்சது?"

"வங்காளியள் வைச்சிருப்பினம், அண்ணை."

"அவையளுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. குணவதி ரீச்சரின் எதிர்ப்பு, கூட்டக் குறிப்பில் 'இருமல்' என்று பதியப்பட்டது.

நூலகத்தில் சிறுவர் பகுதியில் இரண்டு பக்கம் கிடைத்தது. நான் அதை மனப்பாடம் செய்தேன். கோவால்டி மசூதிக்கு மட்டைகளில் சிவப்புப் பெயின்ற் அடித்துச் செங்கல் கோடு கீறினோம். சமையல் பகுதியின் சோத்துக் கிடாரத்தைக் கவிழ்த்துக் குவிமாடமாக வைத்தோம். பழைய வணிகர்கள் வாழ்ந்த பானம் என்ற வீதிக்கு ஜன்னல்கள் வெட்டினோம். கூரை ஒழுக்குக்குப் போடும் நீலத் தார்ப்பாயை விரித்ததும் மேக்னா ஆறு ஓடத் தொடங்கியது. தமிழ் வகுப்புப் பிள்ளைகள் இடுப்பில் சாரம் கட்டி அதில் ஓடக்காரர்களாக உட்கார்ந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை நல்ல சனம். பள்ளிக்கூடங்களிலிருந்தும் வந்தார்கள். நான் வளைந்து நெளிந்து விளக்கினேன். மோதிரத்துக்குள் நுழையக்கூடிய மெல்லிய மஸ்லின் துணி இந்த ஊரில்தான் நெய்யப்பட்டது என்று சொல்லி, குணவதி ரீச்சரிடம் இரவல் வாங்கிய நைலெக்ஸ் சேலையை என் கலியாண மோதிரத்துக்குள் விட்டேன். முந்தானை போய்விட்டது. உடல் போகவில்லை. "இதனால்தான் அந்தத் தொழில் அழிந்தது" என்றேன். எல்லாரும் கவலைப்பட்டார்கள்.

மத்தியானம் சோறு போடக் கிடாரம் தேவைப்பட்டது. இரண்டு பேர் வந்து மசூதியின் குவிமாடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். "படையெடுப்பு" என்று நான் உடனே அறிவித்தேன். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை அதையும் குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கணவனும் மனைவியும் வந்தார்கள். இருவரும் கனத்த குளிர்ச் சட்டைகளைக் கழற்றவில்லை. மனைவியின் கையில் துணியில் சுற்றிய ஒரு பொதி. நான் சொன்னதையெல்லாம் மிக மரியாதையாகக் கேட்டார்கள். முடிவில் கணவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"மேக்னா எந்தப் பக்கமாக ஓடுகிறது?"

"கழிவறைப் பக்கமாக" என்றேன்.

"என் வீட்டுக்குக் கிழக்கே ஓடியது" என்றார் அவர். "நான் சோனார்காவில் பிறந்தவன்."

அவருடைய பெயர் ஹபீபுர். மனைவி ஷாஹானா. நகரத்தின் டான்ஃபோர்த் பக்கத்து வங்காளிகள் சிலர் சேர்ந்து இதே அலுவலகத்தில் சோனார்காவைக் கேட்டிருக்கிறார்கள். அது ஏற்கெனவே அஜின்கோர்ட்டிலுள்ள 'அசல்' வங்காளிகளுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்ததாம். அந்த அசல் வங்காளிகள் யாரென்று பார்த்துவிட்டுப் போக இவர்கள் இருவரும் வந்திருந்தார்கள்.

ஷாஹானா பொதியைப் பிரித்தார். பழைய சேலைகளை அடுக்கி, மேலே முழுக்க நூலால் பூவும் மீனும் படகும் தைத்த போர்வை. அவருடைய தாய் தைத்தது. "எங்களுக்கு வேறெதுவும் வேண்டாம். இதை ஒரு மூலையில் தொங்கவிடலாமா? எங்கள் ஊரிலிருந்து ஒன்றாவது இங்கே இருக்கட்டும்" என்றார்.

நான் தலைவரைக் கூப்பிட்டேன். அமிர்தநாதர் போர்வையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னிடம் தமிழில் சொன்னார்.

"வடிவான சாமான்தான், தம்பி. ஆனால் எங்கட மஸ்லினுக்குப் பக்கத்தில உது தொங்கினால் சனம் குழம்பிப் போகும், எது அசல் எண்டு. அனுமதிச்ச நிகழ்ச்சியில இல்லை எண்டு பண்பாச் சொல்லிவிடும்."

நான் பண்பாகச் சொல்லத் தொடங்குவதற்குள், குணவதி ரீச்சர் போர்வையை வாங்கிப் பானம் வீதியின் மேல் விரித்துத் தொங்கவிட்டார். அது விழுந்த நேரம் மட்டைகள் எல்லாம் மட்டைகளாகவே தெரிந்தன. எங்களுக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது. சரியாக அந்த வேளையில் மிசிஸ் பாட்டர்சன் உள்ளே வந்தார்.

ஹபீபுர் நேரே அவரிடம் போனார். "மேடம், இவர்கள் வங்காளிகள் அல்ல. நாங்கள்தான் வங்காளிகள்."

மிசிஸ் பாட்டர்சன் எந்தப் பிணக்கையும் நடுநிலையாகத் தீர்ப்பதற்குப் பயிற்சி பெற்றவர். ஹபீபுரின் பெயரைக் கேட்டு, அவரையும் எங்கள் தலைவரையும் எதிரெதிரே நிறுத்தினார்.

"ஹபீபுர், நீங்கள் புலியைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா?"

"டாக்கா மிருகக்காட்சிச்சாலையில் ஒன்று பார்த்தேன். நித்திரையாக இருந்தது."

"மிஸ்டர் அமிர்தநாதர், நீங்கள்?"

"அடிக்கடி வீட்டுக்கே வரும், மேடம்" என்றார் தலைவர். "வந்தால் வெறுங்கையோடு போகாது."

மிசிஸ் பாட்டர்சன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

குணவதி ரீச்சர் முன்னால் வந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "மேடம், அவர் சொல்வது உண்மை. நாங்கள் வங்காளிகள் இல்லை. நாங்கள் தமிழர்."

"தமிழ் வங்காளிகள்" என்று தலையாட்டினார் மிசிஸ் பாட்டர்சன். "ஒவ்வொரு பிரிவும் தன் பெயரில் பெருமைப்படுவது எனக்கு விளங்குகிறது. அப்படித்தானே, மிஸ்டர் அமிர்தநாதர்? நீங்கள் தலைவர். நீங்கள் சொல்லுங்கள்."

ரீச்சர் தலைவரைப் பார்த்தார். ஹபீபுர் தலைவரைப் பார்த்தார். ஓடங்களில் இருந்த பிள்ளைகளும் பார்த்தார்கள். ஒரு சொல் போதும். அமிர்தநாதர் மண்டபத்தின் உயரமான கூரையையும் புதிய விளக்குகளையும் அண்ணாந்து ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"பரந்த அர்த்தத்தில், அப்படியும் சொல்லலாம், மேடம்" என்றார்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. 'விருந்தினர்' என்று எழுதிய ஸ்ரிக்கர் இரண்டைக் கணவன் மனைவியின் சட்டைகளில் மிசிஸ் பாட்டர்சனே ஒட்டிவிட்டு, வங்காளப் பாரம்பரிய உணவை ருசி பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இடியப்பமும் சொதியும் இருந்தன. அவர்கள் சாப்பிடவில்லை.

போர்வையை நான் கழற்றினேன். குணவதி ரீச்சரும் ஷாஹானாவும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, நடந்து கிட்ட வந்து, அதை மடித்தார்கள். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. மடித்து முடிந்த பிறகும் ரீச்சர் அதைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தன்னுடைய நைலெக்ஸ் சேலையைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, என்னிடம் வந்தார்.

"அண்ணையிட்ட சொல்லுங்கோ. உந்த மண்டபத்தில நான் படிப்பிக்க மாட்டன்."

"ஏன் ரீச்சர்? உங்களுக்காகத்தானே உவ்வளவும்."

"பிள்ளையள் அண்ணை சொன்னதைக் கேட்டுக்கொண்டு இருந்ததுகள்" என்றார் அவர்.

அப்படியே மண்டபம் கிடைத்தது. வகுப்புக்கு வேறு வழி பார்த்துக்கொண்டு ரீச்சரும் பிள்ளைகளும் போய்விட்டதால், சனிக்கிழமைகளில் அங்கே செயற்குழுக் கூட்டம் நடக்கிறது. வெளிச்சம் நன்றாக இருக்கிறது. தலைவருக்கு நல்லுறவுக்கான கேடயமும் கிடைத்தது.

அன்று வாசலில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். தலைவர் கேட்டபடி விருந்தினர்களை வழியனுப்ப நான் போனேன். ஷாஹானா பொதியுடன் வெளியே இறங்கிவிட்டார். ஹபீபுர் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் உண்மையில் எந்த ஊர்?" என்று கேட்டார்.

"யாழ்ப்பாணம்."

"அங்கே முஸ்லிம்கள் இருக்கிறார்களா?"

"இருந்தார்கள். சோனகத் தெரு என்றே ஒரு தெரு உண்டு. ஐந்து வருடத்துக்கு முன்னர் எல்லாரையும் உடுத்த உடுப்போடு ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள்."

"யார்?"

குளிர்காற்று உள்ளே வந்தது. நான் கதவைக் கொஞ்சம் சாத்தினேன். "எங்கள் ஆட்கள்தான்" என்றேன்.

அவர் நிமிர்ந்து, கழுத்துவரை சட்டையைப் பூட்டிக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. "அப்படியென்றால் உங்களுக்கு முன்னனுபவம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஹபீபுர் போகும்போது என்ன சொன்னார் என்று தலைவர் கேட்டார். அந்தக் கடைசி வசனத்தை மட்டும் சொன்னேன். அவர் மிகவும் மகிழ்ந்து, அதை ஆண்டறிக்கையின் முதற்பக்கத்தில் போடச் செய்தார். இன்றைக்கும் பார்க்கலாம்: 'வருகை தந்த வங்காளப் பெருமகன் ஒருவர், இத்துறையில் எமக்குள்ள முன்னனுபவத்தை நேரில் கண்டு பாராட்டிச் சென்றார்.'