ஏரி நடுவில் எடுத்த பேச்சு

அன்புள்ள தங்கைக்கு, அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே என் ஜலதோஷத்தைத் தவிர எல்லோரும் நலம். நீ நலமாகத்தான் இருப்பாய். என்னை உன் தலையில் கட்டுவதற்குச் சம்மதம் சொல்லிவிட்டு, என்னிடம் மூச்சுக்கூட விடாமல் இருந்தவளுக்கு என்ன குறை?

ஞாயிற்றுக்கிழமை என் பையனும் மருமகளும் என்னை ஏரிப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். படகு, நீச்சல், காட்டுப் பாதையில் நடை, எல்லாம் ஒரே இடத்தில் என்று ஆசை காட்டினார்கள். இவ்வளவு பாசம் எங்கிருந்து முளைத்தது என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். வீட்டில் எனக்குப் பிடிக்காத பேச்சை எடுத்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன், அது உனக்கே தெரியும். அதனால் எழுந்து போக முடியாத இடமாகப் பார்த்துப் பிடித்திருக்கிறார்கள். காலால் மிதிக்கும் படகு. நானும் பையனும் மிதிக்க வேண்டுமாம், திருப்புகிற கம்பி மருமகள் கையிலாம். காலமெல்லாம் பஸ் ஓட்டியவனுக்கு மிதிக்கிற வேலை மட்டும். கரை தள்ளிப் போனதும் பையன் தொண்டையைச் செருமினான். இரண்டு பேருக்கும் வெளிநாட்டில் வேலையாம், வீட்டைக் காலி செய்கிறார்களாம், நான் இனி உன் வீட்டில் இருக்க வேண்டுமாம், அத்தை சரி என்று சொல்லிவிட்டாளாம். நான் என்ன செய்வேன்? பழக்க தோஷம், எழுந்து போய்விட்டேன்.

தண்ணீர் இடுப்பளவுதான். இதில் படகு விட்டு ஊரை ஏமாற்றுகிறார்கள். ஆனால் அடியில் சேறு, ஒரு செருப்பை அது வாங்கிக்கொண்டது. உயிர்காப்புச் சட்டை காதுவரை ஏறிக்கொள்ள, நான் கோபமாகக் கரையைப் பார்த்து நடந்தேன். காவலாளி விசில் ஊதி, பெரியவருக்கு நீச்சல் அந்தப் பக்கம் என்று கை காட்டினான். பிள்ளைகள் கை தட்டின. ஈர பேன்ட்டோடு காட்டுப் பாதையில் புகுந்து விறுவிறுவென்று நடந்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழியெல்லாம் பறவைப் படம் போட்ட பலகைகள், பறவை ஒன்றையும் காணோம். அந்தப் பாதை சுற்றிக்கொண்டு புறப்பட்ட படகுத்துறைக்கே வந்து சேரும் என்று எந்தப் பாவியும் பலகையில் போடவில்லை. அங்கே இரண்டு பேரும் துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

பையன் என் தலையைத் துவட்டினான். "தனியா இருந்தா யார்கிட்டப்பா கோவிச்சுக்கிட்டு வெளிய போவீங்க?" என்று கேட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துண்டைப் பிடுங்கி நானே துவட்டிக்கொண்டேன். வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆகவே தெளிவாக எழுதிவிடுகிறேன். நான் வர மாட்டேன். ஒற்றை அறை பார்த்துக்கொண்டு, நானே சமைத்துத் தின்று, நானே கிடந்துகொள்வேன். உங்கள் யார் தயவும் எனக்கு வேண்டாம். நீயும் உன் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருங்கள். கோபத்தோடு கொடுத்தாலும் அண்ணன் ஆசி பலிக்கும்.

உன் அண்ணன்

பின்குறிப்பு: வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வாசல் பக்கத்து அறை போதும். நான் கோபித்துக்கொண்டு கிளம்பினால் தெருமுனை வரைக்கும் வந்து ஒரு தடவை கூப்பிடு. உன் அண்ணி போன பிறகு யாரும் கூப்பிட வருவதில்லை, நானாகத்தான் திரும்பி வருகிறேன்.