அந்தரத்தில் நின்ற துளைகள்

சரியாக இருப்பதைச் சரிசெய்யும் வியாதி எனக்கு உண்டு. ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகத் தரச் சோதனையில் இருப்பவளுக்கு வேறு என்ன வியாதி வரும்? எங்கள் லைனில் ஒரு அளவு சரியாக அமைந்துவிட்டால் ஸ்க்ரூவை இறுக்கி, அதன் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்போம். அப்புறம் அதை எவரும் அசைக்கக்கூடாது.

மகள் தாரணி அப்போது பாலிடெக்னிக் கடைசி வருடம். மோட்டாரைத் தாங்கும், துளைகள் போட்ட பலகை ஒன்றின் முப்பரிமாண மாடலைக் கம்ப்யூட்டரில் செய்திருந்தாள். வகுப்பு மாடல்களை மதிப்பிட்டு இரண்டு பேரை மட்டும் ஒரு டிசைன் கம்பெனிக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். பெற்றோரும் வந்து பார்க்கலாம்.

அன்று காலை அவள் குளிக்கப் போனதும் லேப்டாப்பை எட்டிப் பார்த்தேன். அளவுப் பட்டியலில் எண் இருக்க வேண்டிய இடமெல்லாம் 'நீளத்தில் பாதி', 'நீளம் கழித்தல் இருபது' என்கிற மாதிரி சூத்திரங்கள்! (அளவு என்றால் எண். பாதி, முக்கால் எல்லாம் காய்கறிக் கடையில்.) பெற்ற மனம் பதறியது. ஒவ்வொரு சூத்திரத்தையும் அழித்துவிட்டு ஐம்பது, எண்பது என்று எண்ணாகவே அடித்துச் சேமித்தேன். மாடல் மாறவே இல்லை. ஆகவே நான் செய்தது சரி.

கல்லூரியில் கர்நாடகத்து ஆனேக்கல் பக்கத்திலிருந்து வரும் ஆசிரியர் ஒருவர் மதிப்பிட்டார்.

"பார்க்க அழகா இருந்தா போதாது. நான் ஒரு அளவை மாத்துவேன். மத்ததெல்லாம் கூடவே வரணும். அதுதான் நல்ல மாடல்" என்றபடி தாரணியின் பலகை நீளத்தை நூறிலிருந்து அறுபதாகக் குறைத்தார்.

பலகை சுருங்கியது. துளைகள் வரவில்லை. இரண்டு வட்டங்கள் பலகையை விட்டு வெளியே அந்தரத்தில் நின்றன. பக்கத்துப் பட்டியல் முழுக்கப் பிழை காட்டும் சிவப்பு.

"அய்யோ, ஏனாயித்து?" என்ன ஆச்சு என்று கேட்க அவருக்குக் கன்னடமே வந்துவிட்டது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "இது நீ பண்ணதுதானாம்மா? இல்ல, யார்கிட்டயாவது வாங்கினியா?"

தாரணி திரையைப் பார்த்தாள். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சார், நான்தான்" என்று எழுந்தேன். "எல்லா இடத்துலயும் எண் போட்டேன். எங்க கம்பெனில அப்படித்தான்..."

"ஏம்மா, உனக்கு வேற வேலையே இல்லியா!" என்றாள் மகள், நாற்பது பேர் முன்னால்.

ஆசிரியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பத்து நிமிஷம் தரேன். உன்னுதுன்னா நீயே சரி பண்ணு" என்றார்.

எதையும் பார்க்காமல், எல்லாச் சூத்திரங்களையும் மனதிலிருந்தே அடித்தாள். ஏழாவது நிமிடம் அவர் மறுபடி நீளத்தை மாற்ற, துளைகள் சமர்த்தாகக் கூடவே நகர்ந்தன. இரண்டாம் இடம் கிடைத்தது. திரும்பும் பஸ்ஸில் மட்டும் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை.

இன்று அந்தக் கம்பெனியில்தான் அவளுக்கு வேலை. அளவு மாற்றினால் கூட வராத மாடலுக்கு அங்கே 'அம்மா மாடல்' என்று பெயராம். போன மாதம் வீட்டுக்கு வந்த அவள் ஆபீஸ் தோழி என்னைக் கண்டதும், "ஆன்ட்டி, நீங்கதான் அந்த அம்மாவா? வாரத்துக்கு ரெண்டு தடவையாவது உங்களத் திட்டறோம்!" என்று கட்டிப்பிடித்து ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டாள்.