இரண்டு ஹெட்போனும் ஒரு சம்பந்தமும்

மாப்பிள்ளையின் அப்பா அழகிரி காரிலிருந்து இறங்கியபோது கையில் பழத்தட்டு இல்லை. தோல் உறை போட்ட கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது. தில்லை நகர் வீட்டு வாசலில் கைகூப்பி நின்ற அன்புச்செல்வனின் கண் அதிலேயே போய் நின்றது. உள்ளே இருப்பது ஹெட்போன் என்பது மட்டுமல்ல, எந்த ஊரில் செய்தது, எத்தனை மாதம் காத்திருந்தால் கிடைக்கும் என்பது வரை அவருக்குத் தெரியும்.

"வாங்க சார், வாங்கம்மா, வா தம்பி" என்று அழகிரியையும் அவர் மனைவி அனுசுயாவையும் மாப்பிள்ளை அஜித்தையும் வரவேற்றார். பெட்டியைப் பார்க்காமல் இருக்க ரொம்பவும் பாடுபட்டார்.

டைல்ஸ் கடை வைத்திருந்தாலும், திருச்சியிலேயே நல்ல காது தன் காதுதான் என்பது அன்புச்செல்வனின் அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த நம்பிக்கையால் ஏற்கெனவே ஒரு சம்பந்தம் கெட்டிருந்தது. கரூரிலிருந்து வந்தவர் தன் வீட்டு மியூசிக் சிஸ்டத்தை வீடியோவில் பெருமையாகக் காட்ட, இவர் "தகர டப்பாவுக்கு வொயர் மாட்டின மாதிரி இருக்கு" என்றார். காப்பி ஆறுவதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

அதற்காக அன்றைக்கு மகள் கனிஷ்கா கவலைப்படவில்லை. இந்த அஜித் கதை வேறு. இருவரும் சென்னையில் ஒரே அலுவலகம். மனசு ஒத்துப் போனவர்கள். "அப்பா, ப்ளீஸ்ப்பா, இன்னிக்கு மட்டும்" என்று மகள் காலையில் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோது அவர் உருகிப்போய்த் தலையாட்டினார். மனைவி வேணி அப்படியெல்லாம் உருகவில்லை. "கல்யாணப் பேச்சுல நீங்க வாயே திறக்க வேணாம்" என்று நேராகச் சொல்லிவிட்டாள்.

அதனால் ஹாலில் வாயை இறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் அழகிரி விடுவதாக இல்லை.

"நீங்க பெரிய ரசிகராமே? அதான் நம்ம பொக்கிஷத்தைக் கையோட எடுத்துட்டு வந்தேன். உங்களதையும் இதையும் ஒரு தடவை மாத்தி மாத்திக் கேட்டுப் பாத்துருவோமா?"

அன்புச்செல்வன் பரிதாபமாக வேணியைப் பார்த்தார். முறைப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரித்தாள்.

"சார் ஆசைப்படறாரு. மாடிக்குக் கூட்டிட்டுப் போங்க."

மாடியில் இருந்தது அவருடைய பாட்டு ரூம். வெளிச் சத்தம் ஒரு பொட்டுகூட உள்ளே வராதபடி சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்த அறை. நடுவில் கம்ப்யூட்டர், பக்கத்தில் அவருடைய ஹெட்போன். அந்த ஹெட்போனுக்காக ஈக்வலைசரில், அதாவது கீழ்ச்சத்தம், நடுச்சத்தம், மேல்சத்தம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் இடத்தில், ஒரு வருஷம் உட்கார்ந்து தடவித் தடவி ஓர் அமைப்பு செய்து வைத்திருந்தார். கனிஷ்காவுக்கு அடுத்தபடியாக அவர் பெற்ற பிள்ளை அதுதான்.

அழகிரி தான் எடுத்த பதிவு ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். "போன பங்குனியில ஸ்ரீரங்கத்துல சாமி புறப்பாடு. நாகஸ்வரக்காரர் பக்கத்துல நின்னு நானே எடுத்தது. பொறந்ததுலேர்ந்து அந்தத் தெருவுல கேக்கற காது சார் இது."

அன்புச்செல்வன் அழகிரியின் ஹெட்போனை மாட்டினார். நாகஸ்வரம் எழுந்து வந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது. தன்னுடையதைவிட இது ஒரு படி மேல் என்று கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"பிரமாதம் சார்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தவில் மட்டும் கொஞ்சம் தூக்கலோ?"

"தூக்கலா?"

"ரொம்ப இல்ல. ரசத்துல புளி கூடிப்போச்சுன்னா எப்படி இருக்கும், அந்த மாதிரி."

"தவில்காரர் அப்படித்தான் வாசிச்சாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"அவர் வாசிச்சது சரி சார். இந்த ஹெட்போன் அதைக் கூட்டிச் சொல்லுது. ஈக்வலைசர்ல ஒரு சின்னத் திருத்தம் பண்ணிட்டா பத்தரை மாத்துத் தங்கமாயிரும்."

உதவி செய்வதாகத்தான் நினைத்தார். கீழ்ச்சத்தத்தை இறக்கிவிட்டு ஹெட்போனை அழகிரியிடம் நீட்டினார். அழகிரி கேட்டார். முகம் சுருங்கியது.

"தவில் எங்க சார்? யாரோ பிளாஸ்டிக் வாளியைத் தட்டிட்டிருக்காங்க!"

"ஒரு நிமிஷம். மேல கொஞ்சம் ஏத்தினா சமனாயிரும்."

ஏற்றினார். நாகஸ்வரம் கீச்சென்று கத்த, அழகிரி ஹெட்போனைக் காதிலிருந்து பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"என் ஹெட்போனுக்கு உடம்பு சரியில்லன்னு நீங்களே முடிவு பண்ணி, நீங்களே ஊசியும் போட்டுட்டீங்க. ரொம்ப சந்தோஷம்."

அன்புச்செல்வனுக்கு வியர்த்தது. கரூர்க்காரரின் கார் கண்முன்னால் கிளம்பிப் போனது. நல்ல வேளையாக அப்போது கதவு திறந்து, வேணி காப்பியோடு வந்தாள். அவர் அழகிரிக்குத் தெரியாமல் கண்ணாலேயே கெஞ்சினார்: எப்படியாவது எங்களைக் கீழே கூப்பிடு.

"ஒண்ணும் அவசரமில்ல. நிதானமா கேளுங்க" என்று சொல்லி, வேணி கதவை நன்றாகச் சாத்திக்கொண்டு போனாள்.

அவள் கோபத்தில் கைகழுவிவிட்டாள் என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

"இப்ப உங்களதைக் குடுங்க" என்று அழகிரி அன்புச்செல்வனின் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அந்த ஒரு வருஷத்து அமைப்பு ஓடியது. கண்ணை மூடிக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

"தெளிவா இருக்கு. ஆனா நாகஸ்வரக்காரருக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கே?"

ஜலதோஷம்! அன்புச்செல்வனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. சொல்வதற்கு நாக்கு நுனியில் நாலு வார்த்தை வந்து நின்றது. அப்போது காலையில் கையைப் பிடித்த மகள் நினைவுக்கு வந்தாள். இந்தப் பெண்ணுக்காக இதுகூடச் செய்யக் கூடாதா? தோற்றுவிடலாம் என்று முடிவு செய்தார். தோற்பதையும் அரைகுறையாகச் செய்வது அவர் வழக்கமில்லை.

"இருங்க சார், இன்னொரு செட்டிங் இருக்கு" என்று சொல்லி, கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, தன் செல்ல அமைப்பைத் தானே கெடுத்தார். நடுச்சத்தத்தைக் குழிக்குள் தள்ளினார். மேல்சத்தத்தைக் கூரைக்கு ஏற்றினார். பெற்ற பிள்ளையின் முகத்தில் கரி பூசுவதுபோல் இருந்தது. இதைக் கேட்டதும் அழகிரி சிரிப்பார், தன்னுடையதே உசத்தி என்று பெருமையோடு எழுந்திருப்பார், கல்யாணம் நடக்கும்.

அழகிரி கேட்டார். கண்கள் விரிந்தன. கை தானாகத் தொடையில் தாளம் போட்டது.

"அடடா! இப்பத்தான் சார் உயிர் வந்திருக்கு! நான் பக்கத்துல நின்னு கேட்டது அப்படியே இதுதான்! சொல்றதுக்கு வெட்கமா இருக்கு, உங்களது என்னோடதைத் தூக்கிச் சாப்பிட்டிருச்சு!"

ஜெயித்தாயிற்று. கல்யாணமும் நிச்சயமாயிற்று. சும்மா ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கீழே இறங்கியிருந்தால் போதும். ஆனால் கண்றாவியான ஒரு சத்தத்தைத் தன் பெயரால் ஒருவர் புகழ்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க அந்தக் காதுகளால் முடியவில்லை. அவமானத்தைக்கூடப் பொறுத்திருப்பார், இந்தப் பாராட்டைப் பொறுக்க முடியவில்லை.

"அது நல்லா இல்ல சார்" என்று கத்திவிட்டார்.

"என்ன?"

"அது நான் வேணும்னே கெடுத்து வெச்சது! மொதல்ல கேட்டீங்களே, ஜலதோஷம்னீங்களே, அதுதான் சார் நிஜம்! அதுதான் என் ஒரு வருஷ உழைப்பு!"

அழகிரி ஹெட்போனை மெல்லக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்ப என் காதைச் சோதிச்சீங்களா?"

"இல்ல சார், விட்டுக் குடுத்தேன்."

"விட்டுக் குடுத்தீங்களா! ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு தில்லை நகர்க்காரர் சங்கீதத்துல விட்டுக் குடுக்கறாரா!"

அழகிரி தன் ஹெட்போனைப் பெட்டியில் வைத்து, பட்டென்று மூடி, கதவைத் திறந்துகொண்டு படியிறங்கினார். பின்னாலேயே அன்புச்செல்வன் "சார், சார்" என்று ஓடினார். உயிரே கையில் இல்லை. ஒரே மகள், அவள் கேட்டது ஒரே ஒரு நாள் மௌனம், அதையும் தரமுடியாத அப்பன் ஆகிவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது.

"அனுசுயா! அஜித்! கிளம்புங்க! இந்த வீட்ல..." என்ற அழகிரி கடைசிப் படியில் நின்றார்.

ஹாலில் கேசரி வாசம் வந்தது. கனிஷ்கா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். தலை நிறைய மல்லிகை. நெற்றியில் புதுக் குங்குமம். பக்கத்தில் அஜித் காதுவரை சிரித்துக்கொண்டிருந்தான். அனுசுயா கையிலிருந்த சந்தனத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு எந்த அப்பாவாலும் அதை மாற்ற முடியாது.

"பூ வெச்சாச்சு. தை மாசம் முகூர்த்தம்" என்றாள் வேணி.

அன்புச்செல்வனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு ரோஷமும் வந்தது. அழகிரியைப் பார்த்தார். அவருக்கும் அதே ரோஷம். அன்றைக்கு முதல்முறையாக இருவரும் ஒரே சுருதியில் பேசினார்கள்.

"எங்களைக் கூப்பிடவே இல்லையே?"

அனுசுயா கேசரித் தட்டை இருவரிடமும் நீட்டினாள்.

"கூப்பிட்டிருந்தா இது நடந்திருக்குமா சம்பந்தி? உங்க ரெண்டு பேர் வாயையும் நம்பாமத்தானே நானும் வேணியும் ஒரு வாரமா போன்ல பேசி, இவரை ஹெட்போனைத் தூக்கிட்டு வரவெச்சு மாடிக்கு அனுப்பினோம்!"