வண்ணார்பேட்டையில் பெண் விடுதலை

திருநெல்வேலிச் சீமையில் பெண் விடுதலை 1997-ஆம் ஆண்டு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பிற்பகல் மூன்றரை மணிக்கு, வண்ணார்பேட்டையில், குளிர்சாதன வசதியுடன் நடைபெற்றது. நாலரைக்கு ராகு காலம். எனவே விடுதலையை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்வதென்று இரு வீட்டாரும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள்.

இந்த மகத்தான நிகழ்ச்சிக்குப் பொறுப்பேற்றவர் குமரகுருபரன். ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். சான்றிதழ் கேட்டு வரும் ஜனங்களை முப்பது வருஷமாக ஜன்னல் கம்பிக்கு உள்ளேயிருந்து பார்த்து, 'நாளைக்கு வாங்க' என்று சொல்லிச் சொல்லியே பதவி உயர்ந்தவர். கவுண்டர் என்ற ஒன்றுக்கு வெளிப்பக்கமும் உண்டு என்று அவர் கேள்விப்பட்டதோடு சரி.

அவருடைய ஒரே மகள் சுப்ரஜா, பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். வயது இருபத்தெட்டு. இதுவரை ஏழு தடவை பட்டுச்சேலை கட்டி, ஏழு தடவை காபித் தட்டு ஏந்தி வந்து, ஏழு வீட்டாருக்கும் குனிந்து கொடுத்தாயிற்று. காபி நன்றாக இருந்ததென்று ஏழு வீட்டாரும் சொன்னார்கள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எட்டாவது வரனைப் பற்றிப் பேச்செடுத்தபோது சுப்ரஜா தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"இனிமே தட்டு தூக்க மாட்டேன்ப்பா. தூக்கச் சொன்னா, அத்தோட கல்யாணப் பேச்சையே விட்டுரணும்."

குமரகுருபரன் நெற்றி நிறையத் திருநீற்றோடு பூஜை அறை வாசலில் நின்று, தட்டே கிடையாது என்று வாக்குக் கொடுத்தார். மகள் மேல் அவருக்கு உயிர். அவளை ஒருவன் கையில் பிடித்துக் கொடுக்காமல் கண்ணை மூடிவிடுவோமோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

அவர் கும்பிட்ட தெய்வம் கைவிடவில்லை. மாப்பிள்ளையின் அப்பா சிவசண்முகம், ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர், ஒரு 'சீர்திருத்தவாதி'யாக வாய்த்தார். சமூகச் சங்கத்தின் ஆண்டு மலரில் 'தட்டேந்தும் அடிமைத்தனம்' என்று ஒன்பது பக்கக் கட்டுரை எழுதியவர். கட்டுரை அச்சாகி வந்த அன்று அவர் மனைவி காபி கொண்டுவரத் தாமதமானதால்தான் மனிதர் கொஞ்சம் கோபமாக இருந்தாராம். "வீட்டுல வச்சுப் பெண் பாக்கது காட்டுமிராண்டித்தனம் வே. புதுசா ஒரு கஃபே தெறந்திருக்கான்லா, அங்கன வச்சுப் பாப்போம். தட்டும் கிடையாது, சொஜ்ஜியும் கிடையாது" என்று அவரே முன்மொழிந்தார். குமரகுருபரன் வழிமொழிந்தார்.

மேலப்பாளையத்து காஜா முகைதீன் பதினாலு வருஷம் துபாய் ஓட்டல்களில் உழைத்துவிட்டு வந்து திறந்த கடை அது. பெயர் 'ஆல்ப்ஸ் கஃபே'. கண்ணாடிப் பெட்டிக்குள் பேஸ்ட்ரி, சாண்ட்விச். பக்கத்தில் நுரையோடு காபி கக்கும் இயந்திரம். சைவப் பிள்ளைமார் வீட்டு விசேஷமாயிற்றே, முட்டை விவகாரம் உண்டா இல்லையா என்று தெரிய வேண்டும். குமரகுருபரன் நேரில் போகவில்லை. அலுவலகப் பியூன் மாடக்கண்ணுவை அனுப்பி விசாரித்தார். இடது பெட்டியில் முட்டை சேர்க்காதது, வலது பெட்டியில் சேர்த்தது, காபி சுமார் என்று மாடக்கண்ணு வந்து அறிக்கை கொடுத்தான். வேண்டியதை நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொண்ட மாடக்கண்ணுவுக்கு அதில் சொல்ல என்ன இருக்கிறது?

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் மூவரும், மாப்பிள்ளையும் அவன் அப்பாவுமாக ஐந்து பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சர்வர் வந்து தண்ணீர் டம்ளரை 'டக்' என்று வைப்பதற்காகக் காத்திருந்தார்கள். சிவசண்முகம் பெண்ணடிமையைக் கண்டித்துப் பேசினார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மாப்பிள்ளை கோமதிசங்கர் அப்பா சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். இருபது நிமிஷம் போயிற்று.

சுப்ரஜாவின் அம்மா பிரம்மநாயகிதான் சுவரில் மாட்டியிருந்த அறிவிப்பை எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'வேண்டியதைத் தாங்களே எடுத்துக்கொள்ளவும். நடக்க இயலாதவர்களுக்கு மட்டும் மேசைக்குக் கொண்டுவந்து தரப்படும்.'

பின்னர் பிரச்சினை முறைப்படி விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. மாப்பிள்ளை எழுந்து போவது முறையல்ல. சம்பந்தியாக வரப்போகிறவர் விருந்தாளி. அவர் போனால் பெண் வீட்டாருக்கு இழுக்கு. பெண்ணைப் பெற்றவர் போகலாம்தான்; ஆனால் கவுண்டரில் நிற்பதை அலுவலக ஆட்கள் யாராவது பார்த்துவிட்டால்? பெண்ணின் தாயாரை அனுப்பினால், வளர்த்த பெண் சும்மா உட்கார்ந்திருந்தாள் என்று நாளைக்குப் பேச்சு வரும்.

"அப்பம் பிள்ளையே போய் எடுத்துட்டு வரட்டும் வே" என்றார் சிவசண்முகம். "அப்படியே நடையையும் பாத்தாப்ல ஆச்சு."

"எனக்குச் சீனி கம்மியா" என்றான் கோமதிசங்கர். அன்று அவன் சுயமாகச் சொன்ன கருத்து அது ஒன்றுதான்.

சுப்ரஜா அப்பாவைப் பார்த்தாள். குமரகுருபரனுக்குப் பூஜை அறை வாசல் ஞாபகம் வந்தது. ஆனாலும் எட்டாவது வரன். வாயால் கொடுத்த வாக்கைத் தலையை ஆட்டித் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

சுப்ரஜா எழுந்து போனாள். சிவசண்முகம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடையைப் பரிசீலித்தார். குறையொன்றும் தெரியவில்லை என்று மகனிடம் தாழ்ந்த குரலில் தெரிவித்தார்.

அவள் தட்டோடு திரும்பி வந்தாள். தட்டில் ஒரு காபி, ஒரு பேஸ்ட்ரி. தன் முன்னால் வைத்து உட்கார்ந்தாள்.

"உங்க கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன் மாமா" என்றாள், கரண்டியால் பேஸ்ட்ரியை வெட்டிக்கொண்டே. "யாருக்கும் தட்டேந்தக் கூடாதுன்னு எழுதியிருந்தீயள்லா. அதான் எனக்குள்ளத மட்டும் எடுத்துக்கிட்டேன்."

பேராசிரியருக்குத் தம்முடைய கட்டுரையை ஒருவர் படித்த அனுபவம் புதிது. பிரம்மநாயகி மகளையும் அந்தக் காபியில் பறந்த ஆவியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பைய எழுந்து போனாள். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு அடுப்படியில் ஆறினதைக் குடித்தே பழகியவள், ஒரு காபியும் சாண்ட்விச்சும் வாங்கி வந்து, ஒரு வாய் குடித்தாள். "சூடா இருக்கு ஏட்டி" என்றாள் மகளிடம், ஆச்சரியமாக.

ஆண்கள் மூவரும் உட்கார்ந்தே இருந்தார்கள். முதலில் எழுபவர் யார் என்பது மானப் பிரச்சினையாகிவிட்டது. பசி வேறு. கடிகாரம் நாலு இருபதைத் தாண்டியது.

அஸர் தொழுகைக்குப் போயிருந்த காஜா முகைதீன் அப்போதுதான் கடைக்குள் வந்தார். பெண்கள் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, வெறும் மேசையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்த மூவரையும் கண்டார். அவருக்கு மனசு பதறிவிட்டது. விறுவிறுவென்று தாமே மூன்று காபியும் மூன்று சாண்ட்விச்சும் தட்டில் எடுத்து வந்து, ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து வைத்தார்.

"மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி, நான் பள்ளிக்குப் போயிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, சுப்ரஜா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "மூணு பேருக்கும் நடக்க முடியாதுன்னு வாசல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லாம்மா. பொறவியிலயேவா, இல்ல இடையில வந்ததா?"

சுப்ரஜா காபியைக் கீழே வைத்தாள்.

"பரம்பரையா வருது பாய்."

சிவசண்முகம் ராகு காலம் நெருங்கிவிட்டதாகவும், மற்றதைக் கடிதத்தில் தெரிவிப்பதாகவும் சொன்னார். வரன் போய்விட்டது என்ற துக்கம் வருவதற்கு முன்னால் குமரகுருபரனுக்கு வெட்கம் வந்தது. தலையைத் தூக்க முடியாமல் மேசைக்கடியில் பார்த்தார். ஆறு கால்களும் நன்றாகத்தான் இருந்தன. செருப்புகள்கூடத் தேயவில்லை.